வெள்ளைச் சேவலுக்குப் பச்சைன்னு பேர்

முட்டிக்குத் தைலம் தேய்ச்சாச்சா? கண்ணாடியை எங்க வச்சோம்னு தேடிக் கண்டுபிடிச்சாச்சா? சரி, அப்ப உட்காருங்க. நான் சொல்லப் போறது நம்ம வயசுக்காரங்களுக்குத்தான். நமக்குப் பின்னாடி பிறந்ததுங்களுக்குக் கோழின்னா கவர்ல வர்றது. உயிரோட ஒரு குஞ்சைக் கையில பொத்தி வச்சா உள்ளங்கையில என்ன நடக்கும்னு அதுங்களுக்கு எங்க தெரியப் போகுது? அந்தச் சின்ன நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிறது முழங்கை வரைக்கும் ஏறும். எனக்கு இன்னும் கையில இருக்கு அது.

கலர் கோழிக்குஞ்சு ஞாபகம் இருக்கா? சைக்கிள் கேரியர்ல பெரிய மூங்கில் கூடையைக் கட்டிக்கிட்டு ஒரு ஆள் தெருத்தெருவா வருவான். அவன் வாயே திறக்க வேண்டாம், கூடையே கத்தும். எட்டிப் பார்த்தா பச்சை, ரோஸ், மஞ்சள், ஊதான்னு உள்ள நெளியும். அந்தக் கலர் பிறவியிலேயே வர்றதுன்னு எனக்கு ரொம்ப நாள் வரைக்கும் நினைப்பு. சிரிக்காதீங்க. நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

அப்ப நாங்க புத்தூர்ல குடியிருந்தோம். லைன் வீடு, நாலு குடித்தனம். முன்பக்கம் காத்தடிச்சா ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை வரும், பின்பக்கம் அடிச்சா கொல்லையில இருந்த முருங்கைப் பூ வாசனை. கொல்லையில ஒரு துவைக்கிற கல், ஒரு தண்ணித் தொட்டி, கொஞ்சம் மண் தரை. அவ்வளவுதான். ஆனா அதுதான் எனக்கு உலகம். நான் மூணாம் கிளாஸ்.

அந்த வருஷம் பொங்கல் கழிஞ்சு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. தம்பிப் பாப்பாவைத் தூக்கிட்டு வருவாங்கன்னு என்கிட்ட சொல்லி வச்சிருந்தாங்க. நான் வாசல்லயே நின்னேன். அம்மா ரிக்‌ஷாவுல இருந்து வெறுங்கையோட இறங்கினாங்க. என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேரா உள் ரூமுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டாங்க.

தம்பி பிறக்கும்போதே மூச்சு இல்லையாம். அம்மாகிட்ட காட்ட வேண்டாம், பார்த்தா மனசு தாங்காதுன்னு பெரியவங்களாப் பேசி முடிவு பண்ணியிருக்காங்க. அப்பாதான் துணியில சுத்தி வாங்கிட்டுப் போயி, கல்லறைத் தோட்டத்துல வச்சுட்டு வந்தாரு. அம்மா அந்த முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கலை. அந்தக் காலத்துல அதுதான் நல்லதுன்னு எல்லாரும் நம்பினாங்க. நல்ல மனசோடதான் பண்ணினாங்க. ஆனா இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. பத்து மாசம் சுமந்தவளுக்குக் காட்டாம வேற யாருக்குக் காட்டுறது?

வீட்டைப் பார்த்துக்க அத்தை வந்தாங்க. அப்பாவுக்கு அக்கா. லால்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். வயல், மாடு, கோழி, நாலு ஆம்பிளைப் பிள்ளைங்க, வீட்டுக்காரர் எல்லாத்தையும் ஒரே குரல்ல மேய்க்கிறவங்க. வந்த அன்னைக்கே, அம்மா பின்னி வச்சிருந்த கம்பளிக் குல்லா, காலுறை எல்லாத்தையும் அள்ளி டிரங்குப் பெட்டிக்கு அடியில போட்டுட்டாங்க. கண்ணுல படக்கூடாதாம். "அழுதா உடம்பு கெட்டுப் போகும், அழாத"ன்னு அம்மாகிட்ட சொன்னாங்க. அம்மா அழவும் இல்லை, பேசவும் இல்லை.

எனக்குக் காலையில தலை பின்னி விடுறது அம்மா வேலை. அது நின்னு போச்சு. அத்தை பின்னுவாங்க. அத்தை பின்னினா மண்டைத் தோலும் சேர்ந்து வரும். கண்ணுல தண்ணி முட்ட ஸ்கூலுக்குப் போவேன். அந்த வயசுல எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அம்மா எந்திரிச்சு வந்து என் தலையைப் பின்னி விடணும். அதுக்காகச் செபமாலைகூடச் சொன்னேன், பாதியிலயே தூங்கிப் போனாலும்.

அப்படி இருக்கறப்பதான் அப்பா ஒரு சாயங்காலம் செருப்பு டப்பாவோட வந்தாரு. டப்பா கத்துச்சு. மூடியைத் திறந்தா ஆறு குஞ்சு.

அத்தை இடுப்புல கையை வச்சாங்க. "என்னடா இது கூத்து? துக்க வீட்ல கீச்சு கீச்சுன்னு?"

"முட்டை போடும்க்கா," அப்பா சொன்னாரு. "டாக்டரு அவளை தினம் முட்டை சாப்பிடச் சொல்லியிருக்காரு. வீட்லயே இருந்தா நல்லதுதான?"

"இது எப்ப வளர்ந்து எப்ப முட்டை போட? அதுவரைக்கும் உன் பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பாளா? கடையில வாங்கிட்டு வாடான்னா..."

அக்கம்பக்கத்துல எல்லாரும் அப்பாவைப் பார்த்து உச்சுக் கொட்டினாங்க. மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு பேச்சு. அப்பா ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஸ்ரீரங்கத்து மாமா ஒருத்தர்தான் ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்கூட்டர்ல வருவாரு, நெத்தியில திருமண் பளிச்சுன்னு இருக்கும், கையில ஒரு சீப்பு பூவன் பழம். துக்கம் விசாரிக்கிறேன்னு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பழத்தை வச்சுட்டு, அப்பா பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்துட்டுப் போவாரு. டப்பாவை எட்டிப் பார்த்துட்டு, "பெருமாளே, இதென்ன ஓய், விஷமம்!"னு மட்டும் சொன்னாரு.

டப்பாவுக்குள்ள ஒரு பல்பைத் தொங்க விட்டோம், சூட்டுக்கு. நொய் போட்டோம். மஞ்சள் கரைச்ச தண்ணி வச்சோம். ரோஸ் குஞ்சு தண்ணியிலயே ஏறி நின்னு நனைஞ்சு, அடுத்த நாளே போயிடுச்சு. ஊதாவைக் காக்கா தூக்கிடுச்சு. நான் கத்தின கத்துல நாலு குடித்தனமும் ஓடி வந்துச்சு, காக்கா மட்டும் திரும்பி வரலை.

ஒரு நாள் விடியக்காலையில கரண்ட் போயிருக்கு, யாரும் பார்க்கலை. நான் எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குதுங்க. அடியில சிக்கின பச்சைக் குஞ்சு காலை நீட்டிட்டுச் சில்லுன்னு கிடக்கு. கழுத்து தொங்குது. அத்தை காலைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தாங்க. "இது அவ்வளவுதான். குப்பையில போட்டுட்டு வா, பாப்பா."

நான் "ஓ"ன்னு அழுதேன். அப்பத்தான் உள் ரூம்ல பாய் நகர்ற சத்தம் கேட்டுச்சு.

அம்மா வந்தாங்க. தலை கலைஞ்சு, முகம் வெளுத்து. அத்தை கையில இருந்து அந்தக் குஞ்சை வாங்கினாங்க. ரெண்டு கையிலயும் பொத்தி வாய்க்கிட்ட வச்சு ஊதினாங்க. ஊதிக்கிட்டே போயி டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில கைவிட்டுத் துழாவி, அந்த வெள்ளைக் கம்பளிக் குல்லாவை எடுத்தாங்க. குஞ்சை அதுக்குள்ள வச்சுச் சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க.

"சூடு வேணும்," னாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு அம்மா வாயில இருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. ஆனா அத்தைக்கு முகம் மாறிப் போச்சு. பிள்ளைக்குப் பின்னின குல்லாவுல கோழியை வச்சுக் கொஞ்சினா புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு அர்த்தம், அவங்க கணக்குல. நேரா அந்தோணியார் படத்துக்கு முன்னாடி போய் நின்னாங்க. அத்தை செபம் பண்ணினா அந்தோணியாருக்குக் காது மந்தமோன்னு தோணும், அப்படி ஒரு சத்தம். "கோடி அற்புதரே! எந்தம்பி பொண்டாட்டி பிள்ளை குல்லாவுல கோழியைச் சுத்தி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இவ புத்தி தெளியணும். பழையபடி அடுப்பங்கரைக்கு வரணும், கோயிலுக்கு வரணும். வந்துட்டா, எங்க ஊர்ல உங்க திருநாளுக்கு இதே கோழியைக் கொண்டாந்து விட்டுடறேன்!"

நேர்ச்சை. நம்மாளுங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு. நேர்ந்து விட்டா விட்டதுதான். மாத்தக் கூடாது, மறக்கக் கூடாது. ஆனா அன்னைக்கு அது பிழைக்குமான்னே தெரியாத ஒரு கைப்பிடிக் குஞ்சு. யாரும் பெருசா எடுத்துக்கலை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை.

வெயில் ஏறினப்ப குல்லாவுக்குள்ள இருந்து "கீச்"னு ஒரு சத்தம்.

அதுக்கப்புறம் பாருங்க, அம்மாவைப் படுக்கையில பிடிச்சு வைக்க முடியலை. காலையில எந்திரிச்ச உடனே கொல்லைக்குத்தான். முருங்கை மரத்தடியில கரையான் புத்தைக் குச்சியால குத்தி, மண்ணோட எடுத்து உதறுவாங்க. குஞ்சுங்க ஓடி வந்து பொறுக்கும். அம்மா நடந்தா முந்தானைக்குப் பின்னாடி நாலும் வரிசையா போகும். பச்சை மட்டும் முந்தானையைப் பிடிச்சு இழுக்கும். "விடுடா, விடுடா, போக்கிரி"ன்னு அம்மா அதட்டுவாங்க. அதட்டுறது எனக்குத் தேனா இருக்கும். நான் படிக்கட்டுல உட்கார்ந்து வாய்ப்பாடு படிக்கிற மாதிரி அதையே கேட்டுக்கிட்டிருப்பேன்.

அத்தை கொஞ்ச நாள் முணுமுணுத்துட்டு, நடவு வேலை கிடக்குன்னு ஊருக்குப் போயிட்டாங்க.

கலர் போக ஆரம்பிச்சுது. முதல்ல எனக்கு ஏதோ நோயின்னு பயம். புது இறகு வெள்ளை வெள்ளையா முளைச்சு, சுண்ணாம்பு பாதி அடிச்ச சுவர் மாதிரி நின்னுதுங்க. அப்புறம் எல்லாம் முழு வெள்ளை. இருந்தாலும் பச்சைக்குப் பச்சைன்னே பேர் நின்னுடுச்சு. தெருவுல பிள்ளைங்க, "வெள்ளைக் கோழிக்குப் பச்சைன்னு பேரா? உங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு பொட்டையா?"ன்னு கேலி பண்ணும். நான் மண்ணை வாரி அடிப்பேன்.

பச்சைக்குத் தலையில சிவப்பா கொண்டை எழும்பி, ஒரு பக்கமா சாஞ்சுது. அப்பா ஆபீஸ்ல இருந்து வந்ததும் முட்டை இருக்கான்னு கோழிங்களைக் கவுத்து வைக்கிற கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாரு. ஒரு நாள் காலையில பச்சை, துவைக்கிற கல்லு மேல ஏறி நின்னு, கழுத்தை நீட்டி, தொண்டை கட்டின மாதிரி "கொக்... கொர்ர்"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க! அம்மா சோப்புக் கையோட நின்னாங்க. "ஏங்க," அப்பாவைக் கூப்பிட்டாங்க, "உங்க முட்டைக் கோழி கூவுது, வந்து பாருங்க." சொல்லிட்டுச் சிரிச்சாங்க. குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. கலர் அடிச்சுத் தெருவுல விக்கிறது அத்தனையும் பண்ணையில வேண்டாம்னு கழிச்ச சேவக் குஞ்சுன்னு அன்னைக்குத்தான் எங்களுக்கு விளங்குச்சு. அப்பா வழிஞ்சுக்கிட்டு நின்னாரு. ஆனா அவரு கண்ணு சேவலைப் பார்க்கலை, அம்மா சிரிக்கிறதையே பார்த்துக்கிட்டிருந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லாம இந்தக் கதை நிக்காது.

சாக்கடைப் பக்கமா பெருச்சாளி வரும். ஒரு நாள் பொழுது சாயற நேரம், கூடைக்குள்ள ஒரே கலவரம். ஓடிப் போய்ப் பார்த்தா பச்சையோட வலது கால்ல ரத்தம். நடுவிரல் நுனியை நகத்தோட சேர்த்துக் கடிச்சுத் துப்பிட்டுப் போயிருக்கு. அம்மா மடியில வச்சுக்கிட்டாங்க. அப்பா டார்ச் அடிச்சாரு. நான் கிண்ணத்துல மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அம்மா ஒவ்வொரு விரலா துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே, தலையைத் தூக்காம, கேட்டாங்க.

"ஏங்க. நம்ம பிள்ளைக்கு விரல் எல்லாம் இருந்துச்சா?"

டார்ச் வெளிச்சம் ஆடுச்சு. அப்பா டார்ச்சை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு.

"இருந்துச்சு," னாரு. "எல்லாம் இருந்துச்சும்மா. பத்தும். உன்னை மாதிரியே நீளம் நீளமா."

"நகம்?"

"நகமும் இருந்துச்சு."

அம்மா "ம்" னாங்க. விரல்ல துணியைச் சுத்திக் கட்டினாங்க. கட்டி முடிச்சுட்டு, சேவலை மடியிலயே வச்சுக்கிட்டு அழுதாங்க. அப்பாவும் அழுதாரு. என்னை யாரும் உள்ள போன்னு சொல்லலை. மறுநாள் காலையில அம்மா சீப்பை எடுத்துக்கிட்டு வந்து, "வாடி, உக்காரு"ன்னாங்க. வலிக்காம, வாகெடுத்து, ரெட்டைப் பின்னல். அந்த விரல் என் பிடரியில பட்டது இன்னும் எனக்குச் சிலிர்க்கும். அதுக்கு ஏங்காத நாள் இல்லை, இந்த வயசுலயும்.

சித்திரை வெயில்ல வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து மத்த மூணையும் கொண்டு போச்சு. பச்சை ஒண்ணுதான் தப்பிச்சுது. அம்மா ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக ஆரம்பிச்சாங்க. குழம்பு வாசனை பழையபடி வந்துச்சு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சோம். சரியானதுதான் வினை.

ஜூன் மாசம், அந்தோணியார் திருநாளுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அத்தை வந்து நின்னாங்க, கையில காலி ஒயர் கூடையோட. அம்மா கையால மோர் வாங்கிக் குடிச்சாங்க, அம்மா முகத்தைத் தடவிப் பார்த்துக் கும்பிட்டாங்க. "கேட்டுட்டாரு புண்ணியவான்! தெளிஞ்சுட்ட. எங்க அந்தக் கோழி?"

அம்மாவுக்கு அப்பத்தான் உறைச்சுது. "அண்ணி, வேற சேவல் வாங்கித் தர்றேன். இதைவிடப் பெருசா."

"நேர்ந்தது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணா? சாமிகிட்டயா? இருக்கறது ஒத்தப் பிள்ளை, ஞாபகம் வச்சுக்க." அத்தை என்னைக் காட்டினாங்க.

அதுக்கு மேல அம்மா பேசலை. எந்தத் தாய் பேசுவா? அத்தையைக் கெட்டவங்கன்னு நினைச்சுறாதீங்க. அம்மா மேல உசிரு. நோய்ன்னு எதை நினைச்சாங்களோ அதுதான் மருந்துன்னு அவங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான். மருந்தையே தூக்கிக் கொடுத்துடறேன்னு வேண்டிக்கிட்டாங்க.

அம்மாவே பச்சையைப் பிடிச்சாங்க. அது யார்கிட்டயும் மாட்டாது, அம்மா கூப்பிட்டா மடிக்கு வந்துடும். காலைக் கழுவி, தன்னோட பழைய சேலைக் கிழிசலால வலிக்காம கட்டி, ஒயர் கூடையில உட்கார வச்சாங்க. தலை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு அம்மாவையே பார்த்துச்சு. "தலைகீழா மட்டும் தூக்கிறாதீங்க அண்ணி," னாங்க. பஸ் வந்து அத்தை ஏறினப்ப உள்ள இருந்து ஒரு தடவை கூவுச்சு. அம்மா வீட்டுக்கு வந்து, உள் ரூமுக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டாங்க.

மறுநாள் எனக்குத் தலை பின்னலை. நானே ரிப்பனைச் சுத்திக்கிட்டுப் போனேன். இனிமே அம்மா எந்திரிக்கவே மாட்டாங்கன்னு நினைச்சேன்.

திருநாளன்னைக்கு அப்பா லீவு போட்டாரு. வாசல்ல ஸ்கூட்டர் சத்தம். ஸ்ரீரங்கத்து மாமா. அப்பா ரூம் வாசல்ல நின்னு, சுவரைப் பார்த்துக் கிடந்த அம்மா முதுகுகிட்ட சொன்னாரு: "நேர்ந்ததைக் கோயிலுக்குக் குடுத்தாச்சு. மத்தியானம் ஏலம் விடுவாங்க. ஏலத்துல எடுத்தா அது எடுத்தவனுக்குச் சொந்தம், சாமி குத்தம் இல்லை. நான் போய் எடுத்துட்டு வர்றேன்."

அம்மா திரும்பினாங்க.

"ஓய், பேச்சு அப்புறம், ஏறும், நாழியாறது," மாமா வெளிய இருந்து குரல் கொடுத்தாரு. அப்புறம் தனக்குத்தானே, "ஏகாதசியும் அதுவுமா கோழி ஏலத்துக்குக் கிளம்பறேன். ரங்கா, நீயே பார்த்துக்கோ!"

காவேரிப் பாலம் தாண்டி, கொள்ளிடம் தாண்டி, லால்குடி தாண்டிப் போகணும். நானும் அம்மாவும் வாசப்படியிலயே உட்கார்ந்திருந்தோம். அம்மா என் தலையைச் சும்மா கோதிக்கிட்டே இருந்தாங்க. பின்னலை, கோதினாங்க.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்கூட்டர் திரும்புச்சு. முன்னாடி மாமா, திருமண் கலையாம, சட்டைக் காலர்ல ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருக்க. பின்னாடி அப்பா. மடியில வெள்ளைச் சேவல், கொண்டை ஒரு பக்கமா சாஞ்சு.

"அம்மா, பெருமாள் சத்தியமா சொல்றேன், வழி நெடுக என் காதுலயே கூவிண்டு வந்தது," னாரு மாமா.

அம்மா ஓடிப் போயி வாங்கினாங்க. வாங்கின கையோட அது வலது காலைப் பிடிச்சாங்க. விரலைத் தடவினாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். விரல் எல்லாம் முழுசா இருந்துச்சு. நடுவிரல்ல நகம் கூர்மையா, பளபளன்னு இருந்துச்சு.

"அம்மா, இது..." ன்னு வாயைத் திறந்தேன். அம்மா தன் கால் கட்டைவிரலால என் காலை ஒரு அழுத்து அழுத்தினாங்க.

அப்பா அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு. வேர்த்து, புழுதி படிஞ்சு, நெத்தியில தலைமுடி ஒட்டி. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற பையன் கணக்கா நின்னாரு.

"பச்சைதாங்க," அம்மா சொன்னாங்க. "அத்தனை கோழியில எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நம்ம வீட்டுச் சேவல் நமக்குத் தெரியாதா?" அப்பா சொன்னாரு.

அம்மா அதை இறக்கி விட்டுட்டு அடுப்பங்கரைக்குப் போயி ரெண்டு பேருக்கும் காபி போட்டாங்க. மறுநாள் காலையில எனக்கு ரெட்டைப் பின்னல்.

அந்தப் புதுச் சேவல் இருக்கே, அது ஒரு ரவுடி. மடிக்கு வராது. தினம் காலையில அப்பா ஆபீஸ் கிளம்பினா கெண்டைக்காலைப் பார்த்து ஒரு கொத்து. "ஏலத்துல பயந்துடுச்சு, பாவம்," அப்பா காலைத் தேய்ச்சுக்கிட்டே சொல்வாரு. "ஆமாங்க, பயத்துல குணமே மாறிப் போச்சு," அம்மா சொல்வாங்க, முகத்தைத் திருப்பிக்கிட்டு. அப்பா இருக்கிற வரைக்கும் அது பச்சை. அப்பா தெருமுனை தாண்டினதும், "டேய் புதுசு, வாடா சாப்பிட!" அப்படின்னு கூப்பிடுவாங்க. என்னைப் பார்த்து விரலை வாயில வைப்பாங்க. அடுத்த தடவை அத்தை வந்தப்ப, "பச்சை எப்படி வளர்ந்துடுச்சு பாருங்க அண்ணி"ன்னு அம்மா காட்டினாங்க. அத்தை வாயைத் திறந்தாங்க. அப்பா இருமினாரு. அத்தை வாயை மூடிக்கிட்டாங்க. அத்தை பேச வந்ததை முழுங்கினது அவங்க ஆயுசுலயே அந்த ஒரு தடவைதான். ஏன்னு அப்ப எனக்குப் புரியலை.

அந்தக் கொல்லை இப்ப இல்லை. லைன் வீட்டை இடிச்சுட்டு ஸ்கேன் சென்டர் கட்டிட்டாங்க. குல்லா எங்க போச்சுன்னு தெரியலை, வீடு மாத்தினப்ப எல்லாம் தேடிப் பார்த்தேன். அத்தை இல்லை, மாமா இல்லை. அம்மாவும் போயாச்சு. அப்பா என்கூட இருக்காரு.

போன மாசம் அப்பாவைப் புத்தூருக்குக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போனேன். கண்ணுக்கு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஆட்டோவுல ஏத்திட்டு வந்தா, ரோட்டோரத்துல ஒருத்தன் கூடையில கலர் கோழிக்குஞ்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அப்பாவுக்குக் கண்ணு தெரியலை, காது கேட்டுடுச்சு. "நிறுத்தச் சொல்லும்மா," னாரு. கொஞ்ச நேரம் அந்தக் கத்தலைக் கேட்டாரு. அப்புறம் சிரிச்சாரு.

"உனக்கு ஒரு விஷயம் சொல்லவா? உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்லை. அன்னைக்கு நாங்க போறதுக்குள்ள பச்சை ஏலம் போயிடுச்சு. கொள்ளிடம் பாலத்துல ஸ்கூட்டர் நின்னு போச்சு. மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டே போனோம். எவனோ கல்யாண வீட்டுக்காரன் அத்தனை சேவலையும் மொத்தமா அள்ளிட்டானாம். உங்க அத்தை என்னைப் பார்த்ததும் அழுதுட்டா. உங்கம்மா மறுபடி படுத்துட்டதைச் சொன்னேன். 'நான் என்ன காரியம் பண்ணிட்டேன் தம்பி'ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. அவதான் ஊரெல்லாம் அலைஞ்சு, அதே மாதிரி வெள்ளையா, கொண்டை சாஞ்சதா ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்தா."

ஆட்டோக்காரரைக் கொஞ்சம் பொறுங்கன்னு கையைக் காட்டினேன்.

"நகம் மட்டும் இடிச்சுது," னாரு. "நடுவிரல்ல நுனியை வெட்டி விட்டுடவா, சந்தேகம் வராதுன்னு உங்க அத்தை கேட்டா. அரிவாள்மணையைக்கூட எடுத்துட்டா. நான்தான் வேணாம்க்கான்னுட்டேன். விரல் எல்லாம் முழுசா இருக்கட்டும், அவ தடவிப் பார்க்கும்போது முழுசா இருக்கட்டும்னுட்டேன்." கறுப்புக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டாரு. "நல்ல வேளை, கடைசி வரைக்கும் அவ கண்டுபிடிக்கலை."

அவரு முகத்துல அப்படி ஒரு பெருமை. சொல்லாம விட்டிருக்கலாம். ஆனா இது அவருக்குச் சேர வேண்டியது இல்லையா? இன்னும் எத்தனை நாள் நான் மட்டும் வச்சுக்கிட்டிருக்கிறது?

"அப்பா," னேன். "அம்மா அதோட காலைத் தடவின உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. நீங்க ஆபீஸ் போனதும் அதைப் 'புதுசு'ன்னுதான் கூப்பிடுவாங்க."

"புதுசா?"

"ஆமாப்பா. டேய் புதுசு, வாடா சாப்பிடன்னு."

ஆட்டோ கிளம்புச்சு. வழியெல்லாம் அப்பா கன்னத்துல தண்ணி வழிஞ்சுது, மருந்துன்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டலை. சுவரைத் தடவித் தடவி நேரா அம்மா படத்துக்கு முன்னாடி போய் நின்னாரு. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினாரு. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அழறாரோன்னு கிட்ட போனா, சிரிக்கிறாரு.

"அடி கள்ளி," ன்னாரு.